அடுக்களையில் இன்னொரு பொருள்

விளம்பரத் துறையினர் இதை ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’ என்கிறார்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடைவேளை விடாமல், ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பணம் வாங்கிக்கொண்டு பாத்திரத்தின் கையிலோ மேசையிலோ கொண்டுவந்து வைப்பது. தமிழில் பொருள் நுழைப்பு என்று சொல்லிப் பார்க்கலாம். பொருள் என்ற சொல் நமக்குச் சரக்கையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். நுழைவது எந்தப் பொருள் என்பதுதான் என் கேள்வி.

இந்த உத்தி பலிக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் 1982இல் வந்த ‘ஈ.டி.’ படத்தைக் காட்டுவார்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பிராணியை வீட்டுக்குள் வரவழைக்கச் சிறுவன் வழியெங்கும் மிட்டாய் போடுகிறான். எம் அண்ட் எம்ஸ் மிட்டாயைத் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் மறுத்துவிட, அந்த இடத்துக்கு ஹெர்ஷியின் ரீஸஸ் பீஸஸ் வந்தது, விற்பனை எகிறியது. எனக்கு இதைவிட அரை நூற்றாண்டு மூத்த இன்னொரு கதைதான் முக்கியம். அமெரிக்க வானொலியில் 1933இல் தொடங்கி 1960 வரை ஓடிய ‘மா பெர்கின்ஸ்’ தொடர். கணவனை இழந்த ஒரு நடுவயதுப் பெண், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள். செலவை ஏற்றது ப்ராக்டர் அண்ட் கேம்பிள். விற்றது ஆக்ஸிடால் என்ற சலவைத் தூள். பகல் வேளையில் வீட்டில் இருக்கும் பெண்களுக்காக என்றே இப்படிப் பல தொடர்கள் வந்தன. சோப்புக் கம்பெனிகள் நடத்தியதால்தான் அந்த வகைக்கே ‘சோப் ஆப்பெரா’ என்று பெயர் வந்தது. அங்கே சோப்பை விற்பதற்காகக் கதையை நுழைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் என்ற வடிவத்தின் பிறப்புச் சான்றிதழில் இது இருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் மாலை ஆறரைக்கு ஆரம்பிக்கும் தொடருக்கும் அதே வம்சம்தான்.

பலன் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் நினைவை வைத்து அளந்தார்கள். பார்த்தவருக்குப் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் வெற்றி. இந்த அளவுகோலே ஓட்டை என்று காட்டிய இரண்டு ஆய்வுகள் என்னைப் பிடித்துக்கொண்டன. 2000இல் ஷர்மிஸ்தா லா, கேத்ரின் பிரவுன் இருவரும் செய்தது ஒன்று: திரையில் வெறுமனே கண்ணில் பட்டுப்போன பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன, ஆனால் எதை வாங்குவாய் என்று கேட்டபோது தேர்வை அதிகம் அசைத்தவை அவைதாம். 2002இல் கிறிஸ்டல் ரஸ்ஸல் செய்தது மற்றொன்று. கதையோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும் பொருள் நன்றாக நினைவில் நிற்கிறது. கதையோடு இயல்பாகப் பொருந்திப்போன பொருள்தான் மனத்தை மாற்றுகிறது. துருத்தினால் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. பொருந்தினால் அது விளம்பரமென்றே தோன்றுவதில்லை.

இயல்பாகப் பொருந்துவது என்றால் என்ன? விளம்பரத் துறைக்கு அது ஒரு தொழில்நுட்பச் சொல். பெண்ணியம் படித்தவர்களுக்கு ‘இயல்பு’ என்று யாராவது சொன்னாலே காது விடைக்கும். தமிழ்த் தொடர் ஒன்றில் தேயிலை டப்பாவுக்கு எது மிக இயல்பான இடம்? விடிகாலை, தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றிய மருமகள், அடுப்பு. மாமனார் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார். டப்பாவின் பெயர் எழுதிய பக்கம் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவள் ஊற்றுகிறாள், கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் துணி சோப்பைப் பற்றிக் கேட்க வருவாள். அட்சய திருதியை நெருங்கினால் அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத குடும்பம் முழுக்க ஒரே வண்டியில் ஏறி நகைக்கடைக்குப் போகும். டப்பா இந்த வீட்டில் பொருந்துகிறதென்றால், பொருந்துவதற்கான பலகையாக அந்தப் பெண் முன்பே அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறாள். டப்பாவுக்குக் கொடுத்த பணத்தில் அவள் அங்கே நிற்பதற்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. பில்லில் அது தனியாக வராது.

முதுகலை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், எங்கம்மா அந்த டீத்தூள்தான் வாங்குறாங்க. ஆனா சீரியல் பாத்து இல்ல. எங்க ஊர்ப் பெட்டிக்கடையில அஞ்சு ரூபா பாக்கெட்டா கிடைக்கிறது அது ஒண்ணுதான்.” இந்த இடத்தில் நின்று யோசிக்கத்தான் வேண்டும். ஊடக விமர்சனம் எழுதும் நாம் பார்வையாளப் பெண்ணைத் திரை சொன்னதைச் செய்யும் பொம்மையாக்கி விடுகிறோம். அவள் கடையையும் கையிருப்பையும் கணக்கில் வைத்துத்தான் வாங்குகிறாள். ஆகவே சரக்கு விற்றதா என்பதை நான் விளம்பரக்காரர்களிடமே விட்டுவிடுகிறேன். எந்த டீத்தூளாக இருந்தாலும் டீ போடுவது யார் என்பது அந்த வீட்டிலும் மாறவில்லை. இதுதான் என் விஷயம்.

இதற்கு ‘ஹம் லோக்’கைவிடத் தெளிவான சாட்சி இந்தியத் தொலைக்காட்சியில் இல்லை. 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பர் வரை தூர்தர்ஷனில் வந்தது. மெக்சிகோவில் மிகுவேல் சபீதோ, தொடர்கதை வழியாக முதியோர் கல்வியையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் பரப்பிய முறையைப் பார்த்துவிட்டு நம் அரசு அதை இங்கே கொண்டுவந்தது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளரோடு பேசுவார். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. குடும்பக் கட்டுப்பாடும் பெண்ணின் நிலையும் கதைக்குள் நுழைக்கப்பட்ட சரக்குகள் என்றே சொல்லலாம். அரசாங்கம் பணம் கட்டிய சரக்குகள். கதையை ஒட்டி வந்த இன்னொரு சரக்கும் உண்டு. நெஸ்லே அப்போதுதான் இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்த மாகி நூடுல்ஸ். விளம்பரதாரர் அவர்கள்.

சபீதோவின் முறையில் பாத்திரங்கள் முன்கூட்டியே திட்டமிடப்படும். பின்பற்றத் தக்கவர், பின்பற்றக் கூடாதவர், இடையில் தடுமாறி மாறுகிறவர். குடிகார பஸேசர் ராமின் மனைவி பாகவந்தி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு குடும்பத்துக்காகத் தேய்கிறவள், பின்பற்றக் கூடாதவளாக எழுதப்பட்டாள். அவளைப் பார்த்து ‘இப்படி இருக்கக் கூடாது’ என்று பெண்கள் நினைக்க வேண்டும். அர்விந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் பார்வையாளர்களிடம் விசாரித்தபோது விடை தலைகீழாக இருந்தது. பல பெண்கள் அவளையே முன்மாதிரியாகச் சொன்னார்கள். நல்ல தாய், நல்ல மனைவி. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரமோ, உபதேசம் அதிகம் என்ற முணுமுணுப்பால் முதல் பதின்மூன்று பகுதிகளுக்குப் பிறகு நீர்த்துப்போனது. துருத்திய சரக்கு அது, சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

நூடுல்ஸ் வென்றது. இந்தி புரியாத நம் ஊருக்குள்ளும் அது மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் வந்து உட்கார்ந்தது. பசி என்று ஓடிவரும் குழந்தை, இரண்டே நிமிடம் என்று சிரிக்கும் அம்மா. அந்த இரண்டு நிமிடம் யாருடையது என்று அந்த விளம்பரத்தை யாரும் கேட்கவில்லை. அப்பா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்படி அது சொல்லவில்லை, அம்மாவின் வேலையை இரண்டு நிமிடமாகச் சுருக்கித் தருவதாகச் சொன்னது. நேரம் மிச்சமாவதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அம்மியில் அரைத்த தலைமுறையின் பேத்தி நான். ஆனால் அந்த வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் உள்ளே வர முடிந்ததால்தான் நூடுல்ஸ் வந்தது. பெண்ணின் சமத்துவம் உள்ளே வரவேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்துவிட்டு ஒன்று விற்றது, ஒன்று விற்கவில்லை என்று ஆச்சரியப்பட்டால் எப்படி?

இதை நம் தோழியரோடு சேர்த்தே பேசவேண்டியிருக்கிறது. தொடர்களில் ‘நல்ல கருத்துகளை’ நுழைக்கலாமே என்று கருத்தரங்குகளில் அடிக்கடி ஒரு தீர்மானம் வருகிறது. நாயகி ஒரு காட்சியில் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் எத்தனை லட்சம் பேருக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். சேரும்தான். அடுத்த காட்சியில் அவள் அதே அடுக்களையில் அதே டப்பாவைத் திறந்தால், எது நம்மை அசைக்கும்? ரஸ்ஸலின் ஆய்வு இங்கேயும் செல்லும். துருத்திய வசனம் நினைவில் நிற்கும், பொருந்திய அடுக்களை வேலை செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எந்தத் தொடரையாவது பாருங்கள். பிரிட்டன் 2011 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் பொருள் நுழைப்பை அனுமதித்தபோது, திரையின் மூலையில் ‘பி’ என்ற எழுத்தைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அனுமதி வந்ததும் அங்கே முதலில் நுழைந்த பொருள் எது தெரியுமா? ஒரு காலை நிகழ்ச்சியின் சமையலறைப் பகுதியில் வைக்கப்பட்ட காபி இயந்திரம்.

முத்திரை போடுவதை நான் எதிர்க்கவில்லை. நம் ஆற்றுப்படை மரபே வெளிப்படையான சிபாரிசுதான். பரிசில் பெற்ற கலைஞர் எதிரே வரும் கலைஞரிடம், நான் அவனிடம் பெற்றேன், நீயும் போ என்று சொல்வது. விறலியை ஆற்றுப்படுத்தும் துறையும் புறப்பாட்டில் உண்டு. அங்கே யார் யாரிடம் எதை வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் முத்திரையும் எச்சரிக்கையும் சரக்கை மட்டுமே சுட்டும். 2012 அக்டோபரிலிருந்து திரையில் யாராவது புகைத்தால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. பார்ப்பது மனிதரை மாற்றும் என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. பெண் அறைவாங்கும் காட்சிக்கும் அப்படி ஒரு வரி போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காட்சி அப்படியே இருக்க, அடியில் ஓடும் வரியைக் கண் ஒரு வாரத்தில் பார்க்காமலிருக்கப் பழகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி தொடர்களுக்கு வசனம் எழுதுகிறாள். ஒரு காட்சியில் மகன் பாத்திரம் துலக்குவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த வாரம் பாத்திர சோப்பு ஒன்றுக்குப் பணம் வந்திருந்தது. கேட்டவர்கள் நாகரிகமாகவே கேட்டார்களாம்: வளையல் போட்ட கை இருந்தால் க்ளோசப்பில் நன்றாக இருக்கும். மருமகள் துலக்கினாள், மகன் பின்னால் வந்து நின்று, நீ இல்லாவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்றான். அந்த வசனத்தையும் இவள்தான் எழுதினாள், சம்பளமும் வாங்கினாள். இரண்டு வாரம் கழித்து மருமகளுக்குக் காய்ச்சல் வரவைத்து மகனைத் தொட்டியடியில் நிறுத்திவிட்டாள். எடுத்தார்கள், ஒளிபரப்பும் ஆனது. அந்தக் காட்சியை எனக்குக் கைபேசியில் காட்டினாள். அவன் கையில் இருந்த சோப்பின் பெயர் மேல் கலை உதவியாளர் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அன்றைக்கு யாரும் பணம் கட்டவில்லையாம்.