வெப்பநிலைகளின் விகிதம் எதை மறைக்கிறது?

யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் கடோலினியத் துண்டொன்று காந்தத்தோடு வலுவாக ஒட்டாது. பனிக்கட்டித் தண்ணீரில் குளிர்வித்தால் இரும்பைப்போல ஒட்டும். ஏறத்தாழ 20 பாகை செல்சியசில்தான் அதன் காந்த ஒழுங்கு குலைகிறது. அதே உலோகத்தைப் பலேடியம், சிலிக்கனோடு 2:1:3 அளவில் உருக்கிப் பளிங்காக்கினால், ஒழுங்கைக் காண 21 கெல்வின்வரை இறங்கவேண்டும். அங்கே கடோலினிய அணுக்கள் முக்கோண வலையில் அமர்ந்திருக்கின்றன. முக்கோணத்தில் இரண்டு அணுக்கள் எதிரெதிராகத் திரும்பினால், மூன்றாவது இரண்டுக்கும் எதிராக நிற்க வழியில்லை. இதுவே காந்தத் தடுமாற்றம்.

அதை மதிப்பிட 1994இல் ராமிரெஸ் முன்வைத்த விகிதமே இன்றும் முதல் அளவுகோல்: கியூரி–வைஸ் வெப்பநிலையை ஒழுங்கு வெப்பநிலையால் வகுப்பது. விடை 10ஐத் தாண்டினால் தடுமாற்றம் கடுமையானது. இதற்குத் தனிப்பளிங்கு வேண்டாம், தூள் போதும். அயலணுக்களின் இடைத்தாக்கமே மேலோங்கும் காவலிச் சேர்வைகளில் இதைத் தயங்காமல் ஏற்பேன்.

உலோகங்களில் ஏற்கமாட்டேன். அருமண் அணுக்களின் 4எஃப் இலத்திரன்கள் ஒன்றையொன்று எட்டுவதில்லை. கடத்தல் இலத்திரன்களே அவற்றை இணைக்கின்றன. அந்த இணைப்பு தூரத்தோடு குறிமாறும்: ஓரிடத்தில் இணைத்திசை, இன்னோரிடத்தில் எதிர்த்திசை. கியூரி–வைஸ் வெப்பநிலையோ இவையெல்லாவற்றினதும் கூட்டுத்தொகை. நேரும் மறையும் கழிபட்டால், போட்டி உச்சத்தில் இருக்கும்போதே எண் சிறுத்துவிடும்.

மேற்சொன்ன சேர்வையே சான்று. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இ. வி. சம்பத்குமாரன் குழு 1990களின் இறுதியில் அதன் மின்தடையை அளந்தது. குளிர்விக்கும்போது, ஒழுங்கு வருவதற்கு முன்பே தடை தாழ்ந்து மீண்டும் ஏறியது. காந்தப்புலத்தில் பெரிதும் வீழ்ந்தது. ஹால் விளைவும் வழமை பிறழ்ந்தது. விகிதம் சொல்லாததை மின்தடை சொல்லிற்று. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பிறழ்வின் உருவம், சுமார் 2.5 நானோமீற்றர் இடைவெளியில் அடுக்கிய ஸ்கிர்மியன் எனப்படும் காந்தச் சுழல்கள், ஜப்பானியக் குழுவொன்றின் ஆய்வில் 2019இல்தான் வெளிப்பட்டது. கடோலினியம் நியூத்திரன்களை விழுங்கிவிடுவதால் எக்ஸ் கதிர்ச் சிதறல் தேவைப்பட்டது.

இத்துறையில் குளிர்விக்கத் திரவ ஈலியம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற எண்ணம் வலுவானது. அதுவும் அரைகுறை உண்மையே. டிஸ்ப்ரோசியத்தின் காந்தச் சுருள் 179 கெல்வினில் தொடங்குகிறது. 77 கெல்வின் திரவ நைதரசனுக்குள்ளேயே அதன் தொடக்கமும் முடிவும் அடங்கிவிடும். இத்திரியம், மங்கனீசு, வெள்ளீயம் 1:6:6 சேர்ந்த பளிங்கில் போட்டியிடும் இடைத்தாக்கங்கள் உருவாக்கும் சுருள் அறை வெப்பநிலையிலேயே நிற்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் ஒருவர் இதில் இறங்கினால், விகிதத்தைக் கணிக்குமுன் தடை வளைவையும் ஹால் மின்னழுத்தத்தையும் அளந்துவிடட்டும்.