கூன்வண்டின் நார்க்கூடு

மணவாளக்குறிச்சிப் பக்கத்து விளைகளில் கொண்டை சாய்ந்த தென்னையைப் பிளந்தால் விரல்நீள நார்க்கூடுகள் கிடைக்கும். தண்டின் நாரையே உடலைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றியது சிவப்புக் கூன்வண்டின் புழு. அதற்குக் கால்களே கிடையாது. கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சுற்றின் நெருக்கம் பெரும் வியப்பு. உள்ளே இரண்டு மூன்று வாரம் கூட்டுப்புழுவாகக் கிடந்துவிட்டு, நீண்ட மூக்கோடு செந்நிற வண்டு வெளியே வரும்.

இமயமலைப் பைன் மரங்களின் பட்டைக்கடியில் சுரங்கம் தோண்டும் பட்டைவண்டுகளும் இதே குடும்பம்தான். கூன்வண்டோ பட்டையோடு நிற்பதில்லை, மரத்தின் உள்ளேயே போகும். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டை, பச்சை மட்டை வெட்டிய காயம், அங்கேதான் முட்டை. ஆண் வண்டு விடும் மணம் ஆண், பெண் இரண்டையும் கூட்டிவரும். வாளிப் பொறிகள் அந்த மணத்தை நம்பித்தான் வைக்கப்படுகின்றன. தெற்காசியாவின் இந்த வண்டு 1980களில் வளைகுடாப் பேரீச்சைகளுக்கும், 1990களில் ஸ்பெயினுக்கும் போய்விட்டது. கன்றுகளோடு மனிதர்களே ஏற்றிவிட்ட பயணம் அது.

கூட்டை எத்தனை ரசித்தாலும் மரம்தான் எனக்குப் பெரிது. தண்டில் துளையும் பழுப்புச் சாறும் தெரிந்தால் காதை வைத்துக் கேளுங்கள், புழு கடிக்கும் சத்தம் கேட்கும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள்.