மைக்ரோடிக் ஹேப் ஏசி2: வேகத்தை விடுங்கள், அப்டேட்டைப் பாருங்கள்

ரூட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது வேகம், அடுத்தது ஆண்டெனா. "ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அந்தக் கேள்வியோடுதான் மைக்ரோடிக்கின் ஹேப் ஏசி2-ஐ வீட்டில் மாட்டினேன்.

கையடக்கக் கறுப்புப் பெட்டி, ஐந்து கிகாபிட் போர்ட், வைஃபை 5. வேகத்துக்காக வாங்குபவர்களுக்கான சாதனம் இல்லை இது.

லாட்வியாவைச் சேர்ந்த இந்த நிறுவனம் 2018-இல் ஒரு பாடம் படித்தது. அதன் ரூட்டர்களின் இயங்குதளமான ரூட்டர்ஓஎஸ்-இல் ஓர் ஓட்டை இருந்தது. ரூட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் செயலிக்கான 8291 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் போதும், பாஸ்வேர்டு இல்லாமலே பயனர் விவரக் கோப்பை உருவிவிடலாம். ஏப்ரலிலேயே 6.42.1 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் ஆகஸ்டில், பிரேசிலில் தொடங்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் திருடர் கைக்குப் போயின. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள் யாருக்கோ கிரிப்டோ மைனிங் செய்துகொண்டிருந்தன. மருந்து வந்து நான்கு மாதம் ஆகியும் பலர் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே மருந்து போடுவது எவ்வளவு சுலபம் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். 'சிஸ்டம்', 'பேக்கேஜஸ்', 'செக் ஃபார் அப்டேட்ஸ்'. புதிய பதிப்பின் எண்ணும் மாற்றங்களின் பட்டியலும் அங்கேயே வருகின்றன. இறக்கி, நிறுவி, தானே ரீபூட் ஆகிறது. வேலை அதோடு முடியவில்லை. 'ரூட்டர்போர்டு' பக்கத்தில் பூட்லோடருக்குத் தனியாக 'அப்கிரேட்' கொடுத்து மறுபடி ரீபூட் செய்ய வேண்டும். பலரும் தவறவிடும் படி இது. பிறகு 'ஐபி சர்வீசஸ்' போய் டெல்நெட், எஃப்டிபி இரண்டையும் அணைத்தேன். வின்பாக்ஸை 192.168.88.0/24 என்ற வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் விட்டேன். மொத்தம் கால் மணி நேரம்.

இதற்கு முன் வீட்டில் இருந்தது இணைய இணைப்போடு வந்த பெட்டி. அதில் அப்டேட் பொத்தானே கிடையாது. கஸ்டமர் கேரில் கேட்டால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றார்கள். அப்படிப்பட்ட பெட்டிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் காட்டியது. ராம்பேஜர் என்ற வெப் சர்வரில் இருந்த ஓட்டையை அதை எழுதியவர்கள் 2005-லேயே சரிசெய்திருந்தார்கள். ஒன்பது வருஷம் கழித்தும் சுமார் 1.2 கோடி சாதனங்களில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. சிப் செய்பவர், பிராண்டு போடுபவர், இணைப்பு தருபவர் என்று கைமாறியதில் திருத்தம் வீடு வந்து சேரவேயில்லை.

ஹேப் ஏசி2-இன் பெரிய குறை 16 எம்பி ஃபிளாஷ். ரூட்டர்ஓஎஸ் 7-உம் வைஃபை பேக்கேஜும் ஏறிய பின் மிச்சம் மிகக் குறைவு, வருங்கால அப்டேட்டுகளுக்கு இது நெருக்கடிதான். அமைப்புப் பக்கங்களும் புதியவர்களை மிரட்டும்.

நெட்வொர்க் கொஞ்சம் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் தானாக அப்டேட் ஆகும் ரூட்டராகப் பார்த்து வாங்குங்கள். எதுவும் வாங்கும் எண்ணம் இல்லையென்றாலும், இன்று இரவு உங்கள் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து ஃபர்ம்வேர் தேதியை ஒருமுறை பாருங்கள்.