இரண்டாவது அறுபது நொடி

சைக்கிள் வீராங்கனை சார்லட் வொர்திங்டனின் அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ. பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் எனும் சைக்கிள் வித்தை விளையாட்டு ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற போட்டி. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, ஒவ்வொன்றும் 60 நொடி. இரண்டில் சிறந்ததுதான் கணக்கு. முதல் வாய்ப்பில் அவர் விழுந்துவிட்டார்.

விழவைத்தது 360 பேக்ஃப்ளிப். 20 அங்குலச் சக்கரம் கொண்ட குட்டி சைக்கிளோடு சரிவில் ஏறி, அந்தரத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட வேண்டும். அதே மூச்சில் பக்கவாட்டிலும் ஒரு முழுச்சுற்று. கூர்ந்து பாருங்கள், முதலில் திரும்புவது தலைதான். இறங்கும் இடத்தைக் கண் தேடுகிறது. தோள் பின்தொடர, இடுப்பும் சைக்கிளும் கடைசியில் வந்து சேர்கின்றன. தரை தலைக்கு மேலே இருக்கும் அந்தக் கணத்தில் மனம் தளர்ந்தால் போச்சு.

இரண்டாவது வாய்ப்பில் எளிய வித்தைக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. அதையே மறுபடி போட்டார், சக்கரங்கள் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கின. பெண்கள் போட்டி எதிலும் அதுவரை யாரும் செய்யாதது. 97.50 புள்ளி, தங்கம். அமெரிக்காவின் ஹன்னா ராபர்ட்ஸ் 96.10.

முழுநேர வீராங்கனை ஆவதற்கு முன் இங்கிலாந்தில் ஒரு மெக்சிகன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர் இவர். அடுப்படியில் நின்ற அதே கைகள்தான் அந்தரத்தில் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருந்தன.