தோனி இறங்கும்போது எழுந்து போகிறவர்

‘சென்னை 600028’ (2007), ‘ஜீவா’ (2014), ‘கனா’ (2018), ‘லப்பர் பந்து’ (2024). கிரிக்கெட்டை மதித்து எடுத்த தமிழ்ப் படங்கள் எவை என்று கேட்டால் இந்த நாலையும் சொல்லலாம். நாலிலும் கதை ஆடுகிறவருடையது. வாய்ப்பு கிடைக்காதவர், சாதியால் தடுக்கப்பட்டவர், வயலிலிருந்து இந்திய அணி வரைக்கும் போன பெண் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படம் இருக்கிறது. பார்க்கப் போகிறவருக்கு மட்டும் படம் இல்லை. அவர் கூட்டமாக வருவார், கத்துவார், கேமரா நகர்ந்துவிடும். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வண்டியில் வந்தார், மேட்ச் முடிந்து எப்படித் திரும்பினார் என்று நம்ம சினிமா கேட்டதில்லை. அது சின்ன விடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் வல்லத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள, ஊராட்சி ஒன்றியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிற வல்லம். சேப்பாக்கம் சுமார் 140 கிலோமீட்டர். அவருக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போட 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் ஆனது. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள், ரயில் இன்னும் வரவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உலகத்தின் வரைபடத்தில் ஏறிய ஊர் ரயில்வே வரைபடத்தில் ஏறவில்லை. ஆக, அவருக்கு பஸ்தான்.

சேப்பாக்கம் மைதானம் 1916-லிருந்து அதே இடத்தில் இருக்கிறது. 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் 1986-ல் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் ‘டை’ ஆனதும் அங்கேதான். நகர்ந்தது பஸ் ஸ்டாண்ட். ஒரு காலத்தில் தென் மாவட்ட வண்டிகள் பாரிமுனை வரைக்கும் வந்தன. இறங்கி நடந்தேகூட மைதானத்துக்குப் போய்விடலாம், மூணு நாலு கிலோமீட்டர்தான். 2002-ல் வெளியூர் வண்டிகளெல்லாம் கோயம்பேட்டுக்குப் போயின. தூரம் பத்து கிலோமீட்டரைத் தாண்டியது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தது. இப்போது இறங்குமிடத்திலிருந்து மைதானம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். போக்குவரத்து நெரிசலுக்கு இதெல்லாம் நியாயமான தீர்வுகளாக இருக்கலாம். ஆனால் வல்லத்துக்காரர் கண்ணிலிருந்து பார்த்தால், அவர் வீடும் மைதானமும் அசையாமல் இருக்க, நகரம் ஒவ்வொரு முறையும் அவரை ஒரு படி வெளியே இறக்கிவிட்டிருக்கிறது.

இனி டிக்கெட்டை வாசிப்போம். டிக்கெட்டும் ஒரு பிரதிதான், யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது அதில் தெரியும். 2024 ஐ.பி.எல். சீசனிலிருந்து சி.எஸ்.கே. மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் போகவர இலவசம், எம்.டி.சி.யின் ஏசி இல்லாத பஸ்களிலும் இலவசம் என்று ஏற்பாடு வந்தது. மேட்ச் நாட்களில் மெட்ரோ நள்ளிரவைத் தாண்டியும் ஓடியது. நல்ல ஏற்பாடு. காரைக் கொண்டுவராதே, பார்க்கிங்கைத் தேடி அலையாதே, எல்லோரோடும் சேர்ந்து வா என்று சொல்கிற டிக்கெட் அது. அந்த ராத்திரியில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் மஞ்சள் சட்டைகள் படியிறங்குவதைப் பார்த்தால், பொதுப் போக்குவரத்து என்ற சொல்லுக்கு அர்த்தம் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் அந்த மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கிளாம்பாக்கம் இன்னும் பதினைந்து கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. ஏழரைக்குத் தொடங்கும் மேட்ச் முடிய பதினொன்றே கால், பதினொன்றரை ஆகும். கூட்டத்தில் நீந்தி மெட்ரோ பிடித்து, விமான நிலையத்தில் இறங்கி, கிடைத்த வண்டியில் கிளாம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணிக்கு மேல். அங்கிருந்து திண்டிவனம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். நெடுந்தூர வண்டி திண்டிவனம் ஆளை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு திண்டிவனத்தில் கொசுக்கடியில் விடியும்வரை உட்கார்ந்து முதல் வண்டி பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு இரண்டு வழிதான். ராத்திரியையும் மறுநாள் வேலையையும் விடுவது, அல்லது மேட்ச் முடியும் முன்பே எழுந்து போவது. அதாவது தோனி பேட்டைத் தட்டிக்கொண்டு இறங்குகிற நேரத்தில். ‘ஃபினிஷர்’ என்று பெயர் வாங்கிய ஒருவரை, அந்த ஃபினிஷ் கிடைக்காத ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். இதைவிட நல்ல கதைக்கரு வேண்டுமா?

டிக்கெட் விலையையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்த சீசன்களில் ஆகக் குறைந்த விலை 1,700 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336. கிட்டத்தட்ட ஐந்து நாள் கூலி, சாப்பாடும் பஸ் காசும் தனி. இவ்வளவையும் கொடுத்துவிட்டு கடைசி நாலு ஓவரைப் பார்க்காமல் போகிறவரை ‘ரசிகர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

‘ஃபுட்பால் பைத்தியங்கள் இருக்கும் ஊரில்தான் இதெல்லாம் சாத்தியம்’ என்று சொல்வார்கள் என்பதால் ஜெர்மனிக்குப் போய்வரலாம். டார்ட்மண்டில் மேட்ச் டிக்கெட்டே பயணச்சீட்டு. அது செல்லுபடியாவது டார்ட்மண்ட் நகரத்துக்குள் மட்டும் இல்லை. ரூர் வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பு முழுக்கச் செல்லும். எஸ்ஸனிலிருந்தும் வரலாம், டியூசல்டார்ஃபிலிருந்தும் வரலாம். அந்த டிக்கெட்டை எழுதியவர்கள் ரசிகர் என்றதும் ஒரு வட்டாரத்தை நினைத்தார்கள். நம்ம டிக்கெட்டை எழுதியவர்கள் ஒரு மாநகராட்சியை நினைத்தார்கள். அதன் விருந்தோம்பல் அதிகபட்சம் கிளாம்பாக்கம் வாசல் வரைக்கும்தான்.

கிரிக்கெட் எழுத்தின் உச்சம் என்று பலரும் சொல்லும் சி.எல்.ஆர். ஜேம்ஸின் ‘பியாண்ட் எ பவுண்டரி’ (1963) ஒரு ஜன்னலில் தொடங்குகிறது. டிரினிடாடின் டுனாபுனாவில் அவர் வீட்டுக்கு எதிரே மைதானம். சிறுவன் நாற்காலி மேல் ஏறி நின்றால் ஆட்டம் தெரியும். காலனியம், இனம், வர்க்கம் என்று அவர் பார்த்ததெல்லாம் அந்த ஜன்னலிலிருந்து விரிந்தது. நிக் ஹார்ன்பியின் ‘ஃபீவர் பிட்ச்’ (1992) அப்படிப்பட்ட ஜன்னல் இல்லாதவரின் புத்தகம். லண்டனுக்கு வெளியே மெய்டன்ஹெட்டில் வளர்ந்த பையன், ஆர்சனலைப் பார்க்க நகரத்துக்குள் போகிறவன். தான் அந்த இடத்து ஆள் இல்லை என்கிற கூச்சம் அந்தப் புத்தகம் நெடுக ஓடுகிறது. அவன் இறங்க ஒரு ஸ்டேஷனாவது இருந்தது. கில்லஸ்பி ரோடு என்றிருந்த பாதாள ரயில் நிலையத்துக்கு 1932-லேயே ஆர்சனல் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தமிழில் ஜன்னலும் எழுதப்படவில்லை, ரயிலும் எழுதப்படவில்லை. நமக்கு வாய்த்தது டிவி. ‘கனா’வில் இந்தியா தோற்றதும் அழுகிற அப்பா டிவி முன்னால்தான் அழுகிறார். அந்தக் கண்ணீரிலிருந்துதான் மகளின் லட்சியம் பிறக்கிறது. படத்தின் மிக நேர்மையான காட்சி அது. ஆனால் அவர் ஏன் டிவி முன்னாலேயே இருக்கிறார் என்பதைப் படம் இயற்கை போல எடுத்துக்கொள்கிறது.

‘லப்பர் பந்து’ இந்தச் சிக்கலை வேறு மாதிரிக் கடந்தது. அதன் உலகத்துக்கு ஸ்டேடியமே தேவைப்படவில்லை. ஊர் மைதானம், மைக்கில் வர்ணனை, ஆடுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கூட்டம். பார்க்க வருகிறவர் பைக்கிலோ நடந்தோ வந்து, முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறார். அந்தப் படத்தின் சந்தோஷத்தில் பாதி இந்த நெருக்கத்தினால் வருவது என்பேன். அதே சமயம், சேப்பாக்கம் நமக்கில்லை என்ற முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது என்பதும் அந்த நெருக்கத்துக்குள் இருக்கிறது.

பெண்ணாக இருந்தால் கணக்கு இன்னும் கடினம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ பெண்களை வேலைக்கும் படிப்புக்கும் வெளியே கொண்டுவந்த திட்டம். ஆனால் டவுன் பஸ் எட்டும் தூரம் வரைக்கும்தான். ‘கனா’வின் கௌசல்யா இந்தியாவுக்காக ஆடலாம். ஆனால் வல்லத்துக் கௌசல்யா ஒருத்தி ராத்திரி மேட்சைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்துத் தனியாக வீடு திரும்ப முடியுமா? “மேட்ச் இன்னா மேட்ச்சு, டிவில பாத்துக்க. ராத்திரி எப்டி வருவ?” வீட்டில் இதைக் கேட்கிறவரைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அவர் கேட்பது பஸ் டைம்.

ஐ.பி.எல். பார்ப்பதெல்லாம் ஒரு உரிமையா என்று கேட்கலாம். அந்த மைதானம் அரசு குத்தகை நிலத்தில் நிற்கிறது. மேட்சுக்குக் காவல் நிற்பது அரசு போலீஸ், ராத்திரியில் ஓடுவது பொது மெட்ரோ. பொதுவிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொள்ளும் விளையாட்டு, பொது என்றால் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். இலவசமாகக் கூப்பிட்டாலும் இந்தக் கேள்வி போவதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று, சேப்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் அப்போது பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சமிருந்த ஸ்டேஷன்கள் பிதுங்கின. வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். வரச் சொல்கிறவர்கள் திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

மேட்ச் ராத்திரிகளில் மைதானத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நேரடி வண்டிகள், அங்கே அவற்றுக்காகக் காத்திருக்கும் திண்டிவனம், செஞ்சி வண்டி ஒன்று. இதைச் செய்யப் பெரிய புரட்சி தேவையில்லை, ஒரு டைம்டேபிள் போதும். ஆனால் இல்லாத ஒருவருக்காக யாரும் டைம்டேபிள் போட மாட்டார்கள். அவர் இருக்கிறார் என்று முதலில் யாராவது காட்ட வேண்டும். பதினாறாவது ஓவரில் எழுந்து, உட்கார்ந்திருக்கிறவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பி ஸ்கோர்போர்டைப் பார்த்தபடி படியேறிப் போகிறவரைப் பற்றித் தமிழில் ஒரு கதை வந்தால், நம்ம கிரிக்கெட் படங்கள் நாலிலும் விட்டுப்போன ஆள் அதில் கிடைப்பார்.