தீட்டாத கத்தியின் விலை

ஜப்பானியக் கைவினைக் கத்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு படம் கேட்பார்கள். பிடியை ஒட்டி அலகு முடியும் கீழ்மூலையை நேர் எதிரிலிருந்து எடுத்த படம். முதுகில் மூன்று மில்லிமீட்டர் தடித்திருக்கும் எஃகு எப்படி மெலிந்து மெலிந்து கூரில் போய் மறைகிறது என்பது அந்தக் கோணத்தில்தான் தெரியும். அலகில் ஓடும் அலைக்கோலம், சம்மட்டித் தழும்பு, எருமைக்கொம்பு வளையம் போட்ட மரப்பிடி எல்லாம் அப்புறம். கேரட் சீராக அரிபடுமா, பாதியில் ‘டப்’பென்று பிளக்குமா என்பதை முடிவு செய்வது அந்தச் சரிவு.

இந்தப் பார்வைக்காகவே சேகரிப்பாளர்களை நான் மதிக்கிறேன். கடைக்காரர் மினுமினுப்பைக் காட்டி விற்பதை இவர்கள் சரிவைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கியதை இரண்டு மாதம் வெங்காயம், முட்டைக்கோஸ், மீன் என்று வெட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார்கள், இல்லையென்றால் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பணத்தில் போவது கொஞ்சம். கையில் சேர்கிற அறிவு நிறைய. வெள்ளைக் காகித எஃகுக்கும் நீலக் காகித எஃகுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித் தராது. இரண்டும் ஷிமானே மாநிலத்து யசுகியில் உருவாகுபவை. கட்டிகளைச் சுற்றிய காகிதத்தின் நிறமே பெயராக நிலைத்தது. வெள்ளையில் இரும்பும் கரியும்தான் பிரதானம். சாணைக்கல்லில் சீக்கிரம் இணங்கும், பிசிர் சுத்தமாக உதிரும். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்வதால் கூர் நெடுநாள் நிற்கும், தீட்டக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். சம்பளத்தில் வாழும் ஒரு சமையல்காரர் இதையெல்லாம் தொட்டறிய இந்தக் கைமாற்று இல்லாமல் வேறு வழி குறைவு.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வது வழக்கமில்லை. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் போட்டுக் கொடுப்பார். அலகுக்குச் சரிவும் கூரும் தருபவர் வேறொருவர். அவரைத் தொகிஷி என்பார்கள். பிடி பொருத்துபவர் மூன்றாமவர். அலகில் பொறிக்கப்படுவதோ பெரும்பாலும் மொத்த வியாபாரியின் பெயர். வெட்டும் சுகத்தில் பெரும்பங்கு தொகிஷியின் கையால் வருவது. அவர் பெயர் நெடுங்காலம் வாங்குபவருக்குத் தெரியாமலே இருந்தது. யார் அடித்தார், யார் தீட்டினார் என்று சேகரிப்பாளர்கள் துளைத்துத் துளைத்துக் கேட்டதற்கு இதில் பங்குண்டு: இன்று பல கடைகள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே போடுகின்றன. சகாயின் சதோஷி நககாவா அடித்து, கோச்சி மாநிலத்து நவோஹிதோ மியோஜின் தீட்டியது என்று சொல்லி ஒரு கத்தி விற்கப்படுவது எனக்கு நியாயத்தின் அறிகுறியாகப் படுகிறது.

ஆனால் இதே கூட்டம் விலை வைக்கும் விதத்தில் எனக்கு ஆழமான மனத்தாங்கல் உண்டு. கைமாற்றுச் சந்தையில் உச்ச விலை பெறுவது ‘ஒருமுறைகூடத் தீட்டாதது’ என்ற சொல். கல்லில் வைத்தால் விலை இறங்கும். அலகின் உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் பேரம் தொடங்கும். இதனால் நடப்பது என்ன? எளிதாகத் தீட்டலாம் என்பதற்காகவே விரும்பப்படும் வெள்ளைக் காகித எஃகுக் கத்தியை வாங்கி, தீட்டப் பயந்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்கிறார்கள். அந்த எஃகின் மொத்தக் குணமும் வெளிப்படாமலே போகிறது.

அரிதானது என்றால் காக்கத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் வாளை உதாரணம் காட்டுகிறார்கள். 1876-இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள் செய்தவர்களில் பலர் சமையலறைக் கருவிகளுக்குத் திரும்பினார்கள். வாளின் அன்றாடப் பயன் அங்கேயே முடிந்தது. அது அருங்காட்சியகத்துக்குப் போனது சரி. கத்தியின் பயன் முடியவில்லையே. பல்லாண்டு மீன் அரிந்த ஒரு யனகிபாவை, அந்த நீண்ட மீன் கத்தியை, பார்த்தவர்களுக்குத் தெரியும்: தினமும் கல்லில் வைத்து வைத்து அகலம் பாதியாகி, ஈர்க்குச்சிபோல் ஒடுங்கியிருக்கும். தேய்ந்து தீர்வதற்கென்றே கொல்லர் அதில் எஃகை வைத்தார்.

விலையைப் பற்றி இன்னொன்று. ஹொன்யாகி வகைக் கத்தியை முழுக்க ஒரே எஃகில் அடித்து, களிமண் பூசிக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். அந்த நொடியில் விரிசல் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். அதற்குக் கொல்லர் கேட்கும் விலையை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். சான்ஜோ நகரின் ஷிகெஃபுஸா போன்ற சிறு பட்டறைகளின் கத்திகள் பழையதாகக் கைமாறும்போது புதியதன் விலையைத் தாண்டுவது வேறு கதை. கூடிய தொகையில் ஒரு யென்கூட உலைக்குத் திரும்புவதில்லை. காத்திருந்து வாங்கிய ஒருவர், பெட்டியைப் பிரிக்காமலே அடுத்தவருக்கு விற்று லாபம் பார்க்கிறார். அந்தக் கத்தியால் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்யக்கூடிய சமையல்காரர் வரிசைக்கு வெளியே நிற்கிறார்.

வரலாறு தெரியாமல் கைமாறுவது அடுத்த குறை. 240 மில்லிமீட்டர் க்யூட்டோ (எல்லா வேலைக்குமான சமையல் கத்தி) ஒன்றை வாங்கினேன். ஒருமுறை லேசாகத் தீட்டியது என்றார் விற்றவர். படங்களில் குறை தெரியவில்லை. 1000 எண் கல்லில் இருபது இழுப்பு இழுத்துத் துடைத்துப் பார்த்தபோது சரிவு முழுவதும் புதுக் கீறல் பளபளத்தது. நடுவில் மட்டும் இரண்டங்குல நீளத்துக்கு மங்கல். கல் தொடாத பள்ளம். எவரோ மோட்டார் சக்கரத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கூருக்கு அருகே வரை இறங்கிவிட்ட பள்ளம் அது. சுற்றியுள்ள எஃகை எல்லாம் அதன் மட்டத்துக்குக் கொண்டுவராமல் தீராது. 220 எண் கல்லில் மூன்று மாலை போனது. அலகின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. விற்றவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்பிருந்தவரிடமிருந்து அப்படியே வந்திருக்கலாம். எத்தனையாவது கை என்று கேட்கும் பழக்கமே இந்த வியாபாரத்தில் இல்லை. புதிதா, பழையதா என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. எந்தக் கல்லில், யார், எத்தனை முறை தீட்டினார், சரிவை மெலித்தாரா, கூரை மட்டும் தொட்டாரா என்பதைச் சொல்லாத விற்பனைக் குறிப்பு எனக்கு அரைகுறையாகவே தெரிகிறது. நன்றாக மெலிக்கப்பட்ட பழைய கத்தி, பட்டறையிலிருந்து தடிப்பாக வந்த புதியதைவிட நன்றாக வெட்டும். விலை மட்டும் அதற்குத் தலைகீழாக நிற்கிறது.

அந்தக் க்யூட்டோவைப் பின்னர் நானும் கைமாற்றினேன். அலகின் இப்போதைய உயரம், கூருக்கு மேலுள்ள தடிமன், பள்ளம் எங்கே இருந்தது, எப்படி எடுத்தேன் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன். கிடைத்தது நான் கொடுத்ததில் பாதி விலை. வாங்கியவர் உணவகச் சமையல்காரர். எஃகின் பெயரையோ கொல்லரின் பெயரையோ விசாரிக்கவில்லை. கேரட்டைப் பிளக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் பிளக்கிறது என்றேன். சில மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார்: பிடியை ஒட்டிய கீழ்மூலை, நேர் எதிரிலிருந்து. உயரம் இன்னும் குறைந்திருந்தது. சரிவு நான் கொண்டுவந்ததைவிட மெல்லியதாக, மேலிருந்து கீழ்வரை எங்கும் தடுக்காமல் இறங்கியது.