கென்னடி காட்டிய வீரரும் காட்டாத மக்களும்

ஜான் எப். கென்னடி செனட் உறுப்பினராக இருந்த காலத்தில், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் கிடந்த மாதங்களில் உருவான நூல் ‘புரொபைல்ஸ் இன் கரேஜ்’. துணிவின் சித்திரங்கள் என்று தமிழில் சொல்லலாம். 1956-இல் வெளிவந்து, மறு ஆண்டே வாழ்க்கை வரலாற்றுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. கட்சியும் தொகுதியும் பொதுமக்கள் கருத்தும் ஒருபுறம் திரண்டு நிற்க, மறுபுறம் மனச்சான்றோடு தனித்து நின்ற எட்டுச் செனட்டர்களைப் பற்றியது அந்நூல். (பெரும்பாலான அதிகாரங்களின் முதல் வரைவைத் தாமே எழுதியதாக அவருடைய உதவியாளர் சோரன்சன் 2008-இல் தம் நினைவுக் குறிப்புகளில் கூறினார். அந்த வழக்கு இங்கு வேண்டாம். அட்டையில் யார் பெயர் உள்ளதோ அவரையே ஆசிரியராகக் கொள்வோம்.)

அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் எழுதிய நூல் என்பதாலேயே அது எங்கள் குருமடத்தில் ஒரு தனி மதிப்போடு கைமாறிக்கொண்டிருந்தது. அதிலுள்ள எட்மண்ட் ராஸின் கதையைப் பிற்காலத்தில் இளைஞர் கூட்டங்களிலும் தவக்கால மறையுரைகளிலும் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அண்மையில் அந்த அதிகாரத்தை மீண்டும் படித்தேன். உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதை எழுதிவிடுவது, அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நான் தீர்க்கவேண்டிய கடன்.

கதை இதுதான். 1865 ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டபின் துணைத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன் பதவிக்கு வந்தார். தோற்ற தென்மாநிலங்களை எவ்வாறு மீண்டும் சேர்த்துக்கொள்வது என்பதில் அவருக்கும் காங்கிரசுக்கும் மோதல் முற்றியது. செனட்டின் இசைவின்றி அதிகாரிகளை நீக்கலாகாது என்று 1867-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஜான்சன் அதனை மீறிப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கினார். 1868 பிப்ரவரி 24-ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்ற வாக்குகளில் அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டைச் சுமத்தியது. செனட்டில் விசாரணை நடந்தது. பார்வையாளர் மாடத்துக்கு நுழைவுச்சீட்டு அச்சிட்டுக் கொடுக்கவேண்டிய அளவுக்குக் கூட்டம். 54 உறுப்பினர்களில் 36 பேர் ‘குற்றவாளி’ என்று சொன்னால் ஜான்சன் வெளியேறியாக வேண்டும். மே 16-ஆம் நாள் 35 பேர் அவ்வாறு சொன்னார்கள். ஆளும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஏழு பேர் மாற்றி வாக்களித்திருந்தனர். அவர்களுள் ஒருவர்தாம் கான்சாஸ் மாநிலத்து ராஸ். தண்டிக்கவேண்டும் என்று ஆயிரம் பேர் சார்பில் கான்சாசிலிருந்து தந்தி வந்திருந்தது. அவரோ, நீதி செய்வதாக ஆணையிட்டிருப்பதை நினைவூட்டி, யாரும் தம்மிடம் வாக்குறுதி கேட்க உரிமை இல்லை என்று பதிலளித்தார். அவருடைய அரசியல் வாழ்வு அத்துடன் சரிந்தது. மறுமுறை செனட்டுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

கென்னடி இதனைச் சொல்லும் முறை மனத்தைக் கவ்வுவது. அவை நிசப்தமாகிறது, பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன, ராஸின் பெயர் வருகிறது. ஆனால் அந்தக் கணத்தின் உணர்ச்சி முழுவதும் ராஸ் பின்னாளில் தாமே எழுதிய நினைவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. தன் கல்லறையைத் தானே குனிந்து பார்த்தது போன்ற நிலை என்பது அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. வேறு சாட்சியைக் கென்னடி தேடவில்லை. ராஸ் தடுமாறியிருந்தால் விடுதலைக்கு வாக்களிக்க வேறு சில உறுப்பினர்கள் ஆயத்தமாக இருந்தனர் என்பதும், தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே தம்மைச் சார்ந்தவர்களுக்குப் பதவி கேட்டு ராஸ் ஜான்சனுக்குக் கடிதங்கள் எழுதினார் என்பதும் வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியவை. இவற்றைக்கொண்டு அவரைக் கயவர் என்று தீர்க்க நான் முற்படவில்லை. மனிதர் அவ்வளவுதான். புனிதர்களின் வரலாறு எழுதுகிறவர்கள் செய்யும் பிழையை ஒரு செனட்டர் இன்னொரு செனட்டருக்குச் செய்திருக்கிறார், அது மன்னிக்கத்தக்கது.

மன்னிக்க இயலாதது வேறு. ‘பொதுமக்கள் கருத்து’ என்று அந்த அதிகாரம் பக்கந்தோறும் பேசுகிறது. செய்தித்தாள்கள், கட்சிக்காரர்கள், தந்தி அனுப்பியவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். போரின் முடிவில் விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அந்தச் சொல்லுக்குள் வரவேயில்லை. ஜான்சன் பதவியில் நீடிப்பதால் யாருடைய உயிரும் நிலமும் வாக்கும் ஊசலாடினவோ, அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட ஆசிரியர் கேட்கவில்லை. செனட்டிலும் அவர்களுக்குக் குரல் கிடையாது. முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸ் அங்கே அமர்ந்தது 1870-இல்தான்.

அவர்களுடைய குடியுரிமையை உறுதிசெய்த 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜான்சன் மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் அவரை மீறி அதை நிறைவேற்றிற்று. மறுமாதம், மே தொடக்கத்தில், டென்னசியின் மெம்பிஸ் நகரில் மூன்று நாள் வெறியாட்டம் நடந்தது. 46 கறுப்பினத்தார் கொல்லப்பட்டனர். அவர்களுடைய வீடுகளும் கோவில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. கும்பலில் முன்னின்றவர்கள் அந்நகரக் காவலர்கள். அக்காவல்படையில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். அதாவது, பெரும்பாலும் நம் கோவில்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்றே கொள்ளவேண்டும். கத்தோலிக்க வாசகர்களாகிய நாம் இந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கென்னடி எழுதிய காலத்தில் இவையெல்லாம் அறியப்படாதவையா? இல்லை. டியூ பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் அந்த ஆண்டுகளைப் பற்றிய தம் பெருநூலை 1935-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் அன்றைய பல்கலைக்கழகங்களில் செல்வாக்குடன் இருந்தது வேறு கூட்டத்தாரின் வரலாறு. தென்மாநில வெள்ளையரே பாதிக்கப்பட்டவர்கள், கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை கொடுத்ததே பிழை என்பது அவர்கள் கொள்கை. கென்னடி அதையே பின்பற்றினார். நூலின் இன்னோர் அதிகாரத்தில் மிசிசிப்பியின் ஆளுநராக இருந்த ஆம்ஸைக் குறைத்து எழுதியிருக்கிறார். ஆம்ஸின் மகள் விடாமல் கென்னடிக்குக் கடிதம் எழுதித் திருத்தம் கோரினார். பயனின்றிப்போக, 1964-இல் தம் தந்தையின் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டார். அந்த அம்மையாரின் பிடிவாதத்தை எண்ணும்போது, துணிவின் சித்திரங்களில் ஒன்பதாவதாக அவரைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

கென்னடி பக்கமும் நியாயம் உண்டு. ஜான்சன்மீது சுமத்திய சட்டக் குற்றம் வலுவற்றது. அத்தகைய சட்டம் செல்லாது என்பதே 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியதன் பொருள். ஆகவே ராஸின் வாக்கு சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நூல் அவரைப் போற்றுவது சட்டம் அறிந்தவர் என்பதற்காக அன்று. மக்களை எதிர்த்து நின்றார் என்பதற்காக. அங்கேதான் மனச்சான்று பற்றிய நம் போதனை வேறுபடுகிறது. தவறும் மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும். ஆனால் அறியவேண்டியதை அறிய முயலாமலிருந்த குற்றத்திலிருந்து அது அவனை விடுவிக்காது என்றார் புனித தோமா அக்குவினாஸ். உண்மையைத் தேடுவதில் அக்கறையற்றவனின் மனச்சான்று மெல்ல மெல்லக் குருடாகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எச்சரித்தது. தனித்து நிற்பது அதன் புற வடிவம் மட்டுமே.

என் பழைய மறையுரையில் ராஸைப் பிலாத்துவுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசுவேன். பிலாத்து கூட்டத்துக்கு அஞ்சினான், ராஸ் அஞ்சவில்லை என்பேன். கேட்பதற்கு நன்றாயிருக்கும். அந்த ஒப்புமையில் கூட்டத்தின் நடுவே கைகட்டி நிறுத்தப்பட்ட குற்றமற்றவரின் இடத்தில் யாரை வைக்கிறேன் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஆண்ட்ரூ ஜான்சனை வைத்திருக்கிறேன்! மெம்பிஸில் எரிந்த கோவில்களின் மக்களோ என் மறையுரைக்கும் வெளியே நின்றிருக்கிறார்கள்.

1868 மே மாதத்தில் எங்கும் பேசப்பட்ட இன்னொரு வாதமும் உண்டு. ஜான்சனுக்கு இன்னும் பத்து மாதம்கூட இல்லை, நவம்பரில் தேர்தல், போகிறவரை ஏன் துரத்தவேண்டும்? அவரை நீக்கினால் பதவிக்கு வரக்கூடிய வேட் என்பவரைக் கண்டு அஞ்சியவர்களுக்கு இது வசதியாகவும் அமைந்தது. லூக்கா நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரின் உவமை நினைவுக்கு வருகிறது. பதவி போகப்போகிறது என்று தெரிந்த பின்புதான் அவன் கடன்காரர்களைக் கூப்பிட்டுச் சீட்டுகளைத் திருத்துகிறான். ஜான்சனும் எஞ்சிய மாதங்களில் சும்மா இருக்கவில்லை. 1868-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, கிளர்ச்சியில் ஈடுபட்ட அனைவருக்கும் நிபந்தனையற்ற மன்னிப்பை வழங்கினார்.

அதே வாதம் 2021-இல் மீண்டும் எழுந்தது. ஜனவரி 6-ஆம் நாள் கும்பல் ஒன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததை அடுத்து, டிரம்ப்பின் பதவிக்காலம் முடிய ஒரு வாரமே இருக்கையில், பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சுமத்தியது. செனட் வாக்களித்தது பிப்ரவரி 13-ஆம் நாள், அவர் பதவி விலகிச் சென்றபின். தண்டனைக்கு 57, எதிராக 43, தேவைப்பட்டது 67. இம்முறையும் கட்சியை மீறியவர்கள் ஏழு பேர். கருத்துக்கணிப்புகளில் நாட்டு மக்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தண்டனையை ஆதரித்தனர். ஆனால் அந்த எழுவரின் கட்சியாரில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தனர். டிரம்ப் பொறுப்பாளிதான் என்று சொன்ன கட்சித் தலைவர் மக்கானலே, பதவியில் இல்லாதவரை நீக்க இயலாது என்று விடுவிக்க வாக்களித்தார். கேசிடி என்ற உறுப்பினரை அவருடைய மாநிலக் கட்சி அன்றே கண்டித்தது. 2024-இல் மக்கள் டிரம்ப்பை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பதவியேற்ற நாளிலேயே, ஜனவரி 6 நிகழ்ச்சி தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு அவர் மன்னிப்பு வழங்கினார்.

கென்னடியின் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் 1868-இன் எழுவரையும் 2021-இன் எழுவரையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுவார். இருசாராரும் தம் மக்களை எதிர்த்தவர்கள் அல்லவா? நான் அவ்வாறு அடுக்கமாட்டேன். பின்னவர்கள் தம் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அன்று அவர்களே அந்த அவையிலிருந்து பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டவர்கள். முன்னவர்களோ சட்டத்தின் எழுத்தை நுணுகிப் பார்த்தார்கள். தென்மாநிலங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் தம் மனச்சான்றுக்குள் விட்டார்கள் என்பதே என் கேள்வி. அதைக் கென்னடி கேட்டிருந்தால் அதிகாரம் நீண்டிருக்கும், ராஸும் இன்னும் மெய்யான மனிதராகத் தெரிந்திருப்பார்.

இளைஞர்களிடம் இந்நூலைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். நடை தெளிவானது, எண்ணம் உயர்ந்தது. கூடவே இன்னொன்றையும் படிக்கச் சொல்வேன். மெம்பிஸ் வெறியாட்டத்தை விசாரிக்கப் பிரதிநிதிகள் சபை 1866-இல் ஒரு குழுவை அனுப்பியது. நேற்றுவரை அடிமைகளாயிருந்த பெண்கள் அக்குழுவின் முன் வந்து, தங்களுக்கு நேர்ந்ததைக் காவலர்களைச் சுட்டிக்காட்டி, ஆணையிட்டுச் சொன்னார்கள். அது அந்த ஆண்டே அரசாங்க அறிக்கையாக அச்சாயிற்று. கென்னடி தம் நூலை எழுதியபோது அதற்கு ஏறத்தாழ 90 வயது.